கசப்பும் புளிப்புமாக பிரஸ்ஸல்ஸ்

நவம்பர் 20, வியாழன்

ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிட்டது. மூன்று டிகிரி குளிர், அதோடு விடாத தூறல். குடை பிடித்தால் காற்று பிடுங்குகிறது, பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடி நனைந்து எதுவும் தெரிவதில்லை. ஸ்கார்பேக் பகுதியில் குடியிருக்கும் பெரியப்பா மகன் வீட்டில் பையை வைத்துவிட்டு, அண்ணி ஊற்றிக்கொடுத்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு உடனே கிளம்பினேன். "திரும்பி வரும்போது ட்ராமில் தூங்கிடாதீங்க தம்பி, கடைசி ஸ்டாப் ரொம்ப தூரம்" என்றார் அண்ணி. அண்ணன் பீரைத் தொடாதவர். இவ்வளவு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் ஒரு மிடறு குடித்ததில்லை. "நீ பார்த்துட்டு வந்து சொல்லுடா, கேட்டுக்கறேன்" என்றார்.

முதலில் கிராண்ட் ப்ளாஸ். 1695-ல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் தகர்த்த பிறகு, வணிகச் சங்கங்கள் மறுபடி எழுப்பிய கட்டடங்கள் சதுக்கத்தைச் சுற்றி நிற்கின்றன. அதில் பத்தாம் எண் மாளிகை பீர் வடிப்பவர்கள் சங்கத்துடையது. இன்றும் பெல்ஜிய ப்ரூவர்கள் சங்கத்தின் கையிலேயே இருக்கிறது. நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், அரண்மனைக்குரிய தங்கப் பூச்சோடு பீர்க்காரர்களுக்கு ஒரு வீடு. மழையில் நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பார்கள் நெருக்கியடிக்கும் சந்துகள். 2004-ல் 2,004 வகை பீர் வைத்திருந்ததற்காக கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறிய டெலிரியம் கஃபே அங்கேதான் இருக்கிறது. உள்ளே கால் வைக்க இடமில்லை. அதே வட்டாரத்தில் வேறொரு பாரில் உட்கார்ந்து செர்ரி பீர் கேட்டேன். ஆறரை யூரோ. கிளாஸ் அழகு, நிறம் அழகு, வாயில் வைத்தால் சர்க்கரைப் பாகு. நாக்கிலும் உதட்டிலும் ஒட்டிக்கொண்டது. சுற்றியிருந்த மேசைகளில் பாதிப் பேர் கையில் இதே சிவப்பு, இல்லாவிட்டால் பீச் பழம், ராஸ்பெர்ரி. பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனசு சோர்ந்தது உண்மை.

அன்ஸ்பாக் சாலையில் நேராக நடந்தால் ஃபோன்டேனா சதுக்கம். அதன் ஓரத்தில் மூடெர் லாம்பிக் என்ற பார். நாற்பது குழாய்கள் பக்கம் இருக்கும். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த இளைஞர் பட்டியலை நீட்டவில்லை. "காபிக்குச் சர்க்கரை போடுவீர்களா?" என்று கேட்டார். போடுவதில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடேயே குழாயடியில் சாய்த்துப் பிடித்தார். தாராஸ் பூல்பா, 4.5 சதவீதம்தான். வெளிர் மஞ்சள், தடித்த வெள்ளை நுரை. முதல் மிடறிலேயே சுள்ளென்று கசப்பு. அதன் பின்னால் எலுமிச்சைத் தோல், வெட்டிய புல்லின் மணம். விழுங்கியதும் வாய் சுத்தமாகிவிடுகிறது, அடுத்த மிடறு தானாகக் கேட்கிறது. கால் லிட்டர் நாலு யூரோ சொச்சம்.

அடுத்து கைப்பம்பால் இழுத்துக் கொடுத்தது லாம்பிக் என்ற, நுரையே இல்லாத உள்ளூர் பீர். குமிழியும் இல்லை. பச்சை ஆப்பிள், ஈர மரம், நல்ல புளிப்பு, முடிவில் கொஞ்சம் துவர்ப்பு. நான் முகத்தைச் சுளிப்பேன் என்று அவர் காத்திருந்தார் போலிருக்கிறது. நான் இன்னொரு மிடறு குடித்ததும் உட்கார்ந்து பேசவே ஆரம்பித்துவிட்டார். லாம்பிக் இயல்பிலேயே புளிப்பானது. இளசும் முதிர்ந்ததுமாகக் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடி நொதிக்கவிட்டால் கூஸ். புளிப்புச் செர்ரியை அதில் ஊறவைத்தால் க்ரீக். போன நூற்றாண்டில் குளிர்பானம் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு விற்க, கூஸ், க்ரீக் இரண்டிலும் பெரிய ஆலைகள் இனிப்பை ஏற்றின. சந்துகளில் நான் குடித்தது அந்த வழியில் வந்தது. அதற்கு முன்பிருந்த சுவையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் சிலர், புதிதாகக் கசப்பைக் கொண்டுவந்தவர்கள் சிலர். "இரண்டு பேரையும் பாருங்கள்" என்று ஒரு காகித அட்டையின் பின்னால் பெயர்களை எழுதிக் கொடுத்தார். மீதி நாட்களின் திட்டம் அந்த அட்டைதான்.

ட்ராமில் தூங்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

அட்டையில் இருந்த கான்டியோன் ப்ரூவரிக்கு மிடி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. துணி மொத்த வியாபாரக் கடைகளும் பழைய கார் ஏற்றுமதி செய்பவர்களும் இருக்கிற ஆண்டர்லெக்ட் தெருக்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இப்படி ஒரு இடம் இருக்கும் என்று தோன்றாது. 1900-ல் தொடங்கிய குடும்பத் தொழில். லாம்பிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1978-ல், இயங்கும் ப்ரூவரியையே கூஸ் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு நாமாகவே சுற்றிப் பார்க்கலாம், முடிவில் ருசி பார்ப்பதும் அதிலேயே அடக்கம்.

நவம்பரில் வந்தது நல்லதாகப் போயிற்று. இங்கே காய்ச்சுவது குளிர்மாதங்களில் மட்டும்தான், நான் போனபோது கீழ்த்தளம் முழுக்க ஆவி. மூன்றில் இரண்டு பங்கு மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் மட்டும் பழசு. சில வருஷம் வைத்திருந்து கசப்பு போனதைத்தான் போடுகிறார்கள். கெடாமல் காப்பது ஒன்றே அதன் வேலை. மணிக்கணக்கில் கொதித்த சாற்றை மேல்மாடிக்கு ஏற்றுகிறார்கள்.

மர ஏணிப்படி ஏறிப் போனால் கூரைக்கு நேர் அடியில் அந்தத் தாமிரத் தொட்டி. அறையின் தரையே தொட்டிதான் என்று சொல்லலாம். அவ்வளவு அகலம், ஆழம் முழங்கால் அளவுகூட இல்லை. 7,500 லிட்டர் பிடிக்குமாம். கொதிக்கும் சாறு இதில் இரவெல்லாம் மூடியில்லாமல் கிடக்கிறது. பக்கவாட்டுத் திறப்புகளிலும் ஓட்டு இடுக்குகளிலும் நுழையும் காற்று அதைக் குளிரவைக்கிறது, காற்றோடு வரும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் இறங்குகின்றன. மனிதர் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கள்ளும் இப்படித்தான், பாளையிலிருந்து சொட்டும்போதே தானாகப் புளிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் கள்ளுக்கு ஒரு பகல் போதும், நல்ல கூஸுக்குள் போகும் லாம்பிக்குக்கு மூன்று வருஷம் வரை வேண்டும்.

அதனால் இவர்களுக்கு இரவுக் குளிர்தான் முதல். எட்டு டிகிரிக்கு மேல் போனால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். 2015 நவம்பரில் இரவுகள் பத்து டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தபோது, காய்ச்சியதைக் கொட்டிவிட்டுக் குளிர் வரும்வரை வேலையையே நிறுத்திவைத்தார்கள். நேற்று குளிரைத் திட்டிக்கொண்டு நடந்தவன், அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றபோது இந்தக் குளிர் இன்னும் நூறு வருஷம் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன்.

பீப்பாய் அறையை விட்டு வரவே மனசில்லை. வாசனையை எப்படிச் சொல்வது? ஈர ஓக் மரம், தோல், எலுமிச்சை, நிலவறைப் புழுக்கம், எல்லாம் சேர்ந்து. மேலே உத்தரங்களில் ஒட்டடை, எடுப்பதில்லை. பழ ஈக்களைப் பிடிக்கிற சிலந்திகளை இங்கே யாரும் தொந்தரவு செய்வதில்லை. கீழ் வரிசையில் அண்மையில் நிரப்பிய பீப்பாய் ஒன்று. மேல்துளை திறந்திருக்க, அதிலிருந்து பழுப்பு நுரை பொங்கி, பக்கப் பலகைகளில் வழிந்து, காய்ந்த இடத்தில் பொருக்காகி, அதன் மேல் மறுபடி வழிந்துகொண்டிருந்தது. குனிந்து காது கொடுத்தால் நுரைக்குள் சிறுசிறு குமிழ் வெடிக்கும் ஓசை கேட்கிறது. அதை ஒட்டியிருந்த பீப்பாய் இரண்டு வருஷத்துக்கு முந்தையது. தக்கை இறுக்கி, தேதி எழுதி, சத்தமே இல்லாமல் கிடந்தது.

கடைசியில் ருசி. ஒரு வருஷ லாம்பிக், அப்புறம் கூஸ், அப்புறம் க்ரீக். கூஸ் ஊற்றும்போதே நுரை எழுந்து சடசடவென்று அடங்கியது. புளிப்பு கூர்மையாக வந்து, பின்னால் திராட்சைத் தோலின் துவர்ப்பாக நீண்டது. க்ரீக்தான் என்னை அசத்தியது. நேற்றைய சிவப்புதான், ஆனால் செர்ரி இருக்கிறது, சர்க்கரை இல்லை. லிட்டருக்கு 200 கிராம் போல முழுப் பழமாகவே பீப்பாயில் போடுகிறார்கள். பழத்தின் இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது மணமும் புளிப்பும், கொட்டையிலிருந்து வரும் மெல்லிய பாதாம் வாசனையும்.

நின்று குடித்துக்கொண்டிருந்த என்னைக் கென்ட் நகரத்துத் தம்பதி ஒருவர் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய பாட்டில் வாங்கி, பிரம்புக் கூடையில் படுத்தவாக்கிலேயே வைத்திருந்தார்கள். "இதை இரண்டு பேர் குடிப்பது சரியில்லை, மூன்று பேர் வேண்டும்" என்று அந்த அம்மா எனக்கும் ஊற்றினார். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

அட்டையில் அடுத்த பெயர் லெர்மிதாஜ். கான்டியோனிலிருந்து சில தெருக்கள் தள்ளி, இளைஞர்கள் நடத்தும் ப்ரூவரி. லான்டெர்ன் என்ற பேல் ஏல் வகை பீர் நன்றாக இருந்தது. ஆனால் கான்டியோனுக்கு அடுத்து எதைக் குடித்தாலும் நாக்கு ஒத்துக்கொள்ளாது. இங்கே போகிறவர்கள் வேறொரு நாளில் போவது நல்லது.

நவம்பர் 22, சனி

குடை உடைந்தது. கால்வாய்ப் பாலத்தின் நடுவில் ஒரே காற்று, கம்பிகள் நாலு பக்கமும் மடங்கிவிட்டன. நனைந்துகொண்டே டூர் எ டாக்சி வளாகத்துக்குப் போனேன். பழைய சுங்கக் கிடங்குகள், பெரிய ரயில்வே சரக்கு மண்டபம், இப்போது புதுக் குடியிருப்புகளும் பூங்காவும். அங்கேதான் ப்ராஸ்ரி த லா சென் என்ற ப்ரூவரி. முதல் நாள் குடித்த தாராஸ் பூல்பா இவர்களுடையது.

இவான் த பேட்ஸ், பெர்னார் லபூக் என்ற இருவர் ஆரம்பித்தது. 2010-ல் மோலன்பேக்கில் சொந்த ப்ரூவரி வைத்தார்கள், அங்கே இடம் போதாமல் இங்கே வந்தார்கள். சென் என்பது ஊரின் ஆறு. ஊரில் எங்கே தேடினாலும் பெரும்பாலும் கண்ணில் படாது. நாற்றமும் வெள்ளமும் காலராவும் தாங்காமல், 1867-லிருந்து 1871-க்குள் நகரின் நடுவே அதை மூடி, மேலே அகலச் சாலைகள் போட்டுவிட்டார்கள். முதல் நாள் மழையில் நான் நடந்துபோன அன்ஸ்பாக் சாலை அப்படி வந்ததுதான்; அந்த வேலையை நடத்திய மேயரின் பெயர் அதற்கு. லாம்பிக் பிறந்ததும் இந்த ஆற்றின் பள்ளத்தாக்கில்தான். மூடிப்போன ஆற்றின் பெயரைப் புதிய ப்ரூவரிக்கு வைத்ததில் ஒரு பிடிவாதம் தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெல்ஜிய பீர் என்றாலே எட்டு, ஒன்பது சதவீதம் என்றுதான் வெளியே பெயர். அதற்குக் காரணமாக ஒரு சட்டத்தைச் சொல்வார்கள். 1919-ல் கஃபேக்களில் பிராந்தி, ஜின் வகைகளை விற்கக் கூடாது என்று தடை வந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் அது நீடித்தது. காரமாகக் குடித்துப் பழகியவர்களுக்கு பீரிலேயே காரம் தேவைப்பட்டது, ப்ரூவரிகளும் கொடுத்தன. அந்தப் பின்னணியில் 4.5 சதவீதத்தில், இனிப்பைச் சுத்தமாக வழித்தெடுத்து, ஹாப்ஸ் கசப்பை முன்னால் நிறுத்தி ஒரு பீர் விற்பது லேசான காரியமில்லை. இவர்களுடைய இன்னொரு பீர் ஸினெபிர் 5.8 சதவீதம், கொஞ்சம் மால்ட் மணம், ஆனால் முடிவு அதே வறண்ட கசப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டிகள், இந்தப் பக்கம் குழந்தைகளோடு குடும்பங்கள். பக்கத்து மேசையில் ஒரு தாத்தா பேரனுக்குப் படம் வரைந்து காட்டிக்கொண்டே ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருந்தார். அவசரம் யாருக்கும் இல்லை.

மதியம் ஊருக்குள் திரும்பி ஒரு சாப்பாட்டுக் கடையில் கார்பொனாட். மாட்டிறைச்சியைக் கறுப்பு பீரிலும் வெங்காயத்திலும் நாலைந்து மணி நேரம் வேகவைப்பது. மேலே கடுகு தடவிய ரொட்டித் துண்டைப் போட்டுவிடுவார்கள், அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும். கரண்டி பட்டாலே கறி பிரிந்தது. இருபது யூரோ, கூடவே ஒரு குவியல் உருளை வறுவல். தண்ணீர் கேட்டால் பாட்டில்தான் வருகிறது, விலையும் பீருக்குப் பக்கத்தில்.

அந்தத் தெருவிலேயே இன்னொரு கஃபேயில் ஒரு சங்கடம். கழிப்பறை வாசலில் ஒரு அம்மாள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார், ஐம்பது சென்ட் சில்லறையாகப் போட வேண்டும். என்னிடம் கார்டு மட்டும்தான். பின்னால் நின்ற ஒருவர் எதுவும் சொல்லாமல் இரண்டு பேருக்குமாக ஒரு யூரோவைப் போட்டுவிட்டு, "போங்க போங்க" என்று கையசைத்தார். வெளியே வந்து தேடினேன், அவர் கிளம்பிவிட்டார். இந்த ஊருக்கு வருகிறவர்கள் பையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஜூர்தான் சதுக்கம். 1948-லிருந்து இருக்கும் மேஸோன் அந்த்வான் வறுவல் கடையில் வரிசையில் நின்றோம். இரண்டு முறை பொரிக்கிறார்கள், முதலில் மிதமான சூட்டில், அப்புறம் கடும் சூட்டில். காகிதக் கூம்பில் சுடச்சுடக் கொட்டி, மேலே அண்டலூஸ் சாஸ். மழையில் எங்கே நின்று சாப்பிடுவது? சுற்றியிருக்கும் கஃபேக்களில் வறுவலோடு உள்ளே வரலாம் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். பீர் மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும். பக்கத்துக் கடையின் வியாபாரத்தைத் தன் மேசையில் உட்காரவைக்கிற இந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. அண்ணன் காபி வாங்கினார், அண்ணி என் ஓர்வால் பீரை மோந்து பார்த்துவிட்டு "இது என்ன தம்பி, குதிரை லாயம் மாதிரி வாசம்" என்றார். சரியாகச் சொன்னார். அதில் இருக்கும் பிரெட்டனோமைசஸ் ஈஸ்டின் மணத்தைத் தேர்ந்த ருசியாளர்களும் அப்படித்தான் வர்ணிக்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் மரோல் பகுதியின் பழைய பொருள் சந்தை. ஈரத் தார்ப்பாய்களின் மேல் பித்தளை, பீங்கான், மூக்கு உடைந்த சிலைகள். ஒருவரிடம் பழைய கூஸ் கிளாஸ்கள் இருந்தன, அடிப்பக்கம் கனத்த கண்ணாடி. கூடவே ஒரு சின்ன உலோகக் கோல், நுனியில் தட்டையான வட்டம். எதற்கு என்று கேட்டேன், வியாபாரி பிரெஞ்சில் வேகமாகச் சொன்னார், புரியவில்லை. மாலையில் தெரிந்தது.

தாபோரா தெருவில் ஒரு நடை அகலச் சந்துக்குள் ஆ லா பெகாஸ், 1877-லிருந்து. இனிப்பு லாம்பிக்கை மண்ஜாடியில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கூட ஒரு தட்டு: தடித்த ரொட்டி, அதன் மேல் வெள்ளைப் பாலாடைக்கட்டி, நறுக்கிய முள்ளங்கி, வெங்காயத்தாள். ரொட்டி பிரமாதம். லாம்பிக் எனக்கு இனிப்பு அதிகம். ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் வயதான உள்ளூர்க்காரர்கள் நிறைய. மூன்று நாளாக இனிப்பு என்றாலே சுற்றுலாக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்களை அதில் எங்கே சேர்ப்பது?

பதில் ஆ லா மோர் சுபித்தில் கிடைத்தது. 1928-லிருந்து இதே இடத்தில் இருக்கும் கஃபே. நீண்ட கூடம், இரண்டு பக்கமும் ரசம் மங்கிய கண்ணாடிகள், புகை படிந்து மஞ்சளாகிப்போன சுவர், வரிசையாகச் சின்ன மர மேசைகள். இடமில்லாததால் ஒரு பாட்டியம்மாவின் எதிரில் உட்காரவைத்தார்கள். அவர் காலடியில் நாய், தண்ணீர்க் கிண்ணத்தோடு. பணியாளர் பாட்டிக்கு முன்னால் நாய்க்குத்தான் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கிய பாலாடைக்கட்டித் துண்டுகளை வெறுமனே எடுத்து வாயில் போட்டதைப் பார்த்துவிட்டு, பாட்டி முள்கரண்டியை வாங்கி, ஒரு துண்டைக் கடுகில் தோய்த்து, செலரி உப்பில் புரட்டி என்னிடம் நீட்டினார். இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னார். உப்பும் காரமும் ஏறிய நாக்கில் கூஸ் வேறு பானமாகிவிட்டது.

கொஞ்சம் ஆங்கிலம், மீதி சைகையில் பேச்சு. சந்தையில் பார்த்த கோலைப் பற்றி விரலால் வரைந்து காட்டிக் கேட்டேன். பாட்டி முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் கூஸ் கேட்டால் தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டியும் இந்தக் கோலும் சேர்ந்து வரும். புளிப்பு தாங்காதவர்கள் கட்டியைப் போட்டுக் கிளாஸின் அடியில் வைத்து இடித்துக்கொள்வார்கள். அவருடைய அப்பா இரண்டும் போடுவாராம், மாமா ஒன்றுகூடத் தொடமாட்டாராம். சர்க்கரை சேர்த்த லாம்பிக்குக்கு ஃபாரோ என்று தனிப் பெயரே உண்டு, அது ஏழைபாழைகள் தினமும் குடித்த பானம்.

அப்படியானால் இனிப்பும் இந்த ஊருக்குப் பழசுதான். சர்க்கரை குடிப்பவர் கையில் இருந்தது. எவ்வளவு போடுவது, போடுவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானித்தார். ஆலைக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே அளவாகக் கலந்து மூடி போட்ட பிறகுதான் அந்தத் தேர்வு பறிபோனது. காபிக்குச் சர்க்கரை போடுவீர்களா என்று கேட்ட அந்த மூடெர் லாம்பிக் இளைஞர், பழைய வழக்கத்தைத்தான் வேறு வடிவத்தில் செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாட்டி செலரி உப்பில் புரட்டிக் கொடுத்த அந்தத் துண்டும் அதில் சேர்த்திதான்.

நவம்பர் 24, திங்கள்

நாடு தழுவிய வேலைநிறுத்தம். மெட்ரோ, ட்ராம், பஸ் எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றேன். பலகையில் வந்த எண்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பாட்டில் வாங்க இன்று விட்டால் நேரமில்லை. சரி என்று ஸ்கார்பேக்கிலிருந்து சாங்-ஜீல் வரை நடந்தேன், ஒன்றரை மணி நேரம். ஊரே நடந்துகொண்டிருந்தது. யாரும் புலம்பிக் கேட்கவில்லை; ஓய்வூதியத்துக்காகப் போராடுகிறார்கள், நியாயம்தானே என்று வழி கேட்ட இடத்தில் ஒருவர் சொன்னார்.

கடை சின்னது, ஒரு அறைதான். ஆனால் தரையிலிருந்து கூரைவரை பாட்டில். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் எதையும் கேட்பதற்கு முன்னால் "எங்கே கொண்டு போகிறீர்கள்? விமானத்திலா? எப்போது குடிப்பீர்கள்?" என்றார். அதற்குத் தகுந்தபடிதான் பாட்டில் தேடினார். ஹாப்ஸ் மணத்தை நம்பியிருக்கும் பீர்களைத் தொடவிடவில்லை: "இவை மாதக்கணக்கில் வாடிவிடும், இங்கேயே குடித்துவிட்டுப் போங்கள்." கூஸ் என்றால் கவலையில்லை, இருட்டில் வைத்தால் பத்து, இருபது வருஷம்கூட இருக்கும்.

ஓர்வால் பாட்டில்கள் இரண்டை எடுத்து அடைத்த தேதியைக் காட்டினார். ஒன்று ஆறு வாரம், இன்னொன்று ஒரு வருஷத்துக்கு மேல். ஓர்வால் மடத்துத் துறவிகள் வெளியே விற்கும் பீர் இது ஒன்றுதான், ஆனால் வயசுக்கு வயசு வேறு. இளசில் ஹாப்ஸ் கசப்பு தூக்கலாக இருக்கும். நாள் ஆக ஆக பிரெட்டனோமைசஸ் மிச்ச இனிப்பையும் தின்று, கசப்பு தணிந்து, தோல் வாசனை எழும். கடையிலேயே இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினோம். சனிக்கிழமை அண்ணி சொன்ன குதிரை லாயம் பழைய பாட்டிலில்தான் இருந்தது. கடையில் ஒரு பாட்டில் இரண்டரை யூரோ பக்கம், கஃபேயில் அதற்கு இரண்டு மடங்கு. காலிப் பாட்டிலுக்குப் பத்து சென்ட் திருப்பிக் கொடுத்தார்.

மேல் அலமாரியில் ட்ரீ ஃபோன்டெய்னன் கூஸ்கள். அவற்றைக் காட்டும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. 2009 மே மாதத்தில் அந்த நிறுவனத்தின் கிடங்கில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, சூடு ஏறி, எண்பதாயிரம் பாட்டில்கள் பக்கம் வெடித்தும் கெட்டும் போயின. வருஷக்கணக்கான உழைப்பு. அதை நடத்திய ஆர்மண்ட் டெபெல்டர் அதோடு முடிந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். ஊர்க்காரர்களும் மற்ற லாம்பிக்காரர்களும் கை கொடுத்தார்கள். கெட்டுப்போன பீரைத் திறந்து ஊற்றிச் சேர்த்து, காய்ச்சி வடித்து, ஆர்மண்ட்ஸ் ஸ்பிரிட் என்ற சாராயமாக விற்றுத் தொழிலை மீட்டார். 2022-ல் அவர் இறந்தார். பாட்டிலைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிய விதத்திலேயே கடைக்காரருக்கு அவர் மேல் இருந்த மரியாதை தெரிந்தது. 75 சென்டிலிட்டர், இருபது யூரோவுக்குச் சற்று மேல். இதைவிடச் சுமாரான ஒயினுக்கு மக்கள் இரண்டு மடங்கு கொடுக்கிறார்கள்; மூன்று குளிர்காலம் காத்திருந்து கலந்த ஒன்றுக்கு இது மலிவு என்றே சொல்வேன்.

திரும்பும்போதும் நடைதான், தோளில் கனத்த பையோடு. வழியில் மூடெர் லாம்பிக்கில் ஏறிக் காலை நீட்டினேன். அதே இளைஞர். அட்டையில் எழுதியவற்றில் எதையெல்லாம் பார்த்தேன் என்று கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஃபாரோ குடித்தேனா என்றார். இல்லை. அன்று அவரிடமும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் மூட்டை கட்டும் வேலை. நம் சுங்கத்தில் ஒருவர் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். பெரிய பாட்டில் இரண்டு, சின்னது ஒன்று, மொத்தம் 1.875 லிட்டர். கான்டியோன் கூஸ், ட்ரீ ஃபோன்டெய்னன் கூஸ், 37.5 சென்டிலிட்டரில் டில்கான் கூஸ். கம்பளிக் காலுறைக்குள் திணித்து, நடுவில் துணி வைத்து, பெட்டியின் நடுவில் படுக்கவைத்தேன். தக்கைக்கு மேல் உலோக மூடியும் போட்டிருப்பதால் ஒழுகாது என்று கடைக்காரர் உறுதி சொல்லியிருந்தார். கூடுதலாக வாங்கிய ஓர்வால் நாலும் இடம்பெறவில்லை, அண்ணன் வீட்டு அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் நிற்கின்றன. "அடுத்த வருஷம் வந்து குடிங்க தம்பி, அதுக்குள்ள நல்லா பழசாகியிருக்கும்" என்றார் அண்ணி. பேருந்து இன்றைக்கு ஓடுகிறது, ஆனால் எதற்கும் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன்.